கரும்பலகை மட்டும் போதாது

“ம, மெ, மி, மொ, மு.” தான்சானியாவின் அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பு இருக்கும் இடத்தை இந்தக் கோரஸே காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியை குச்சியால் கரும்பலகையைத் தட்டத் தட்ட, வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் சொல்கிறது. குச்சி வரிசை மாறி ‘மொ’வின் மேல் போய் நிற்கும்போதுதான், எழுத்தைப் பார்த்தவர்கள் யார், பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் யார் என்பது தெரியவரும்.

அந்தப் பிள்ளைகள் படிக்கும் தேசிய மொழியான கிஸ்வாஹிலி வாசிக்கப் பழக எளிதான மொழி. உயிரொலி ஐந்துதான். எழுதியிருப்பதை அப்படியே உச்சரித்தால் போதும். ஆங்கிலம்போல ஒரே எழுத்து இடத்துக்கு இடம் குரல் மாற்றாது. தடுமாற வைப்பவை ஒருசில கூட்டெழுத்துகள் மட்டுமே. ஆனாலும், பிள்ளைகளின் வாசிப்புத் திறனைச் சோதிக்கும் இந்தியாவின் ‘அசர்’ ஆய்வை முன்மாதிரியாகக் கொண்டு ‘உவேஸோ’ என்ற அமைப்பு 2010-இல் தான்சானியாவில் வீடு வீடாகச் சென்று சோதித்தபோது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடியவில்லை. பழியை மொழியின் மேல் போட வழியில்லை.

எழுத்தைக் கூட்டத் தெரிந்ததுமே வாசிப்பு வந்துவிட்டது என்று நினைப்பதுதான் சிக்கல். தமிழைப்போலவே கிஸ்வாஹிலியிலும் ஒரு வாக்கியமே ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடும். ‘ஹத்துத்தவாசஹாவு’ என்றால் ‘அவர்களை நாங்கள் மறக்கமாட்டோம்’. ஏழு அசை. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கும் பிள்ளை கடைசி அசைக்கு வருவதற்குள் முதல் அசையை மறந்துவிடும், பொருள் பிடிபடாது. அண்டை நாடான கென்யா தன் பிள்ளைகளுக்கு நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் 65 சொல், கிஸ்வாஹிலியில் 45 சொல் என்று இலக்கு வைத்ததும் சொற்களின் இந்த நீளத்தை மனதில் வைத்துத்தான். அந்த வேகம் கோரஸில் வராது. பிள்ளை கையில் புத்தகம் இருக்க வேண்டும், அது வாசிப்பதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

தான்சானியா சும்மா இருந்துவிடவில்லை. 2015-இல் முதல் இரண்டு வகுப்புகளின் பாடத்திட்டத்தை வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று சுருக்கியது. 2016 ஜனவரியில் தொடக்கப் பள்ளிகள் பெற்றோரிடம் வசூலித்த கட்டாயப் பங்களிப்புகளையும் ரத்து செய்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் திரண்டு வந்தார்கள், வரவேண்டியவர்கள்தான். ஆனால் வகுப்பறையும் ஆசிரியரும் புத்தகமும் அந்த வேகத்தில் பெருகவில்லை. நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்க எந்த ஆசிரியையால் முடியும்?

இங்கே கென்யாவின் அனுபவம் கைகொடுக்கும். 2015-இல் அங்கே நாடு முழுக்கத் தொடங்கிய ‘துசோமே’ திட்டம், முதல் இரண்டு வகுப்புகளில் பிள்ளைக்கு ஒரு புத்தகம் என்று கொடுத்தது. ஆசிரியருக்கு அன்றன்றைய பாடக் குறிப்பு கிடைத்தது. கல்வித் துறை அலுவலர்கள் டேப்லெட்டுடன் பள்ளிக்குப் போய் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்தார்கள். பாடம் முடிந்ததும் மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள், பிறகு ஆசிரியருடன் பேசினார்கள். பள்ளிக்குப் போய்வந்த கணக்கைப் பார்த்தே அவர்களுக்குப் பயணப்படி. ஒரு சொல்கூட வாசிக்காத பிள்ளைகளின் எண்ணிக்கை சீக்கிரமே குறைந்தது. கேட்பதற்குச் சாதாரண ஏற்பாடுதான்; நடத்திக் காட்டுவது சாதாரணமில்லை.

இன்னொரு கூட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. வீட்டில் சுகுமாவோ மசாயோ பேசி வளர்ந்த பிள்ளைக்குக் கிஸ்வாஹிலியே புது மொழி. முதல் சில மாதங்கள் கதை கேட்கவும் பேசிப் பழகவும் விட்டு, வேண்டிய இடத்தில் அந்தப் பிள்ளையின் மொழியிலேயே விளக்க ஆசிரியருக்கு அனுமதி தருவதால் தேசிய மொழிக்கு எந்தக் குறையும் வராது.

துசோமே திட்டத்துக்குப் பணம் கொடுத்த அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு 2025-இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே முதல் இரண்டு வகுப்புகளுக்கான கிஸ்வாஹிலி கதைப் புத்தகங்களை அச்சிடும் செலவையும், பள்ளிக்குப் போகும் அலுவலரின் பயணப்படியையும் கென்ய, தான்சானிய அரசுகள் ஆண்டுதோறும் சொந்த பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும்.