தகரத் தடுப்புக்கு ஒரு தேதி

சென்னை மெட்ரோ ரயில் 2-ஆம் கட்டம்: 3 வழித்தடங்கள், 118.9 கி.மீ., மதிப்பீடு ரூ.63,246 கோடி. அடிக்கல் 2020 நவம்பரில் நாட்டப்பட்டது. மத்திய அமைச்சரவையின் ஒப்புதலோ 2024 அக்டோபரில்தான் வந்தது. இந்தத் தாமதத்துக்கு நியாயமே கிடையாது.

கட்டுமானத்தில் ஏற்படும் தாமதம் வேறு. சுரங்கம் தோண்டும்போது பாறை குறுக்கிடும், மண் சரியும். நாள் தள்ளிப்போனால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால், காரணத்தைச் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் மெட்ரோ பணிக்காக வைத்த தகரத் தடுப்போரம் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி நடக்கும் முதியவர்களுக்கும், வாசல் மறைந்துபோன கடைக்காரர்களுக்கும் பதில் வேண்டும். மெட்ரோ நிர்வாகத்தினரே, என்ன வேலை, எப்போது முடியும், யாரைக் கேட்பது என்று ஒவ்வொரு தடுப்பிலும் பெரிதாகத் தமிழில் எழுதி வையுங்கள். தேதி மாறினால் காரணத்தையும் எழுதுங்கள். வேலை முடிந்த இடத்தில் சாலையை உடனே திருப்பிக் கொடுங்கள்.