பிள்ளை செய்த பிழை என்ன?

தொல்காப்பியர் கற்பியலிலே காமக்கிழத்தியரைக் கூறினார். ரோமாபுரிச் சட்டமும் அத்தகைய பெண்ணுக்குத் தனிப்பெயர் வைத்தது. அச்சுவேலியிலே அவளை "வைப்பு" என்கின்றோம். பெயர் மாறினும், பழி முழுவதையும் பெண்ணின் தலையிலே சுமத்தும் வழக்கம் மாறவில்லை.

பழியினும் கொடியது சட்டத்தின் பாராமுகம். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என வகுத்தது. அதனைத் திருத்திய 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண வழியுரிமைச் சட்டம், முறையான மணமின்றிப் பிறந்த பிள்ளைக்குத் தாயின் சொத்தில் உரிமை தந்து, தகப்பனின் சொத்தில் மறுக்கின்றது. தகப்பன் மரணசாசனம் எழுதாது இறப்பின், அவன் தோட்டத்திலே வெங்காயம் நட்டுத் தண்ணீர் மாறி உழைத்த பிள்ளைக்கு ஒரு பரப்புக் காணியுங் கிடையாது.

அதே பிள்ளைக்குத் தகப்பன் பராமரிப்புச் செலவு கொடுத்தல் வேண்டுமென்கிறது 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம். சோற்றுக்குப் பிள்ளையானவன் சொத்துக்குப் பிள்ளையாகானோ? இந்திய உச்ச நீதிமன்றம், செல்லாத மணத்திற் பிறந்த இந்துப் பிள்ளைகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்திலே தகப்பனுக்குரிய பங்கில் உரிமையுண்டென 2023இல் தீர்த்தது.

இஃது ஒழுக்கக்கேட்டிற்கு இடங்கொடாதோ எனச் சிலர் வினவுவர். இடங்கொடுப்பது இன்றைய சட்டமே. பொறுப்பினின்று தப்ப வழியிருத்தலாலன்றோ ஆடவன் துணிகின்றான்!

சட்டம் திருத்தப்படல் வேண்டும் என்பதே நமது கோரிக்கை. அதுவரை, தகப்பன்மாரே, நொத்தாரிசிடஞ் சென்று உறுதி எழுதுங்கள். உங்கள் செயலுக்குப் பிள்ளை தண்டனை பெறுதல் நீதியன்று.