பூஜ்ய வட்டி

உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு வீட்டுச் சாமான் கடை இருக்கிறது. பெயர் வேண்டாம், இந்த விஷயத்தில் எல்லாக் கடைகளும் ஒரே ஜாதிதான். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பூஜ்யம் போட்டு, பக்கத்தில் 'வட்டி' என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பூஜ்யத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் என் கணக்கு விடைத்தாளில் விழுந்தவைகூட அடக்கமான அளவில்தான் இருந்தன.

எங்கள் தெருவில் நாற்று நடவும் களை எடுக்கவும் போகிற ஓர் அம்மாள் அந்தப் பூஜ்யத்தை நம்பி உள்ளே போனாள். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். துணி துவைத்து மாளவில்லை. 12,000 ரூபாய்க்குத் துணி துவைக்கும் மிஷின். எட்டுத் தவணை, தவணைக்கு 1,500. இரண்டு தவணையை அங்கேயே கட்டிவிட வேண்டும். கார்டுக்கும் பத்திரச் செலவுக்கும் என்று 499 ரூபாய். அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. ஆக 589. கையில் ஒரு பளபளப்பான கார்டு. மேல் தவணைகள் பாங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும் என்று ஒரு கையெழுத்து. எல்லாம் கால்மணி நேரத்தில் முடிந்தது.

மூன்றாம் மாதம் கூலிப் பணம் வரத் தாமதம். தவணை தேதியன்று கணக்கில் பணம் போதவில்லை. தவணை திரும்பியதற்காகக் கடன் கொடுத்த கம்பெனி ஒரு தண்டம் போட்டது. திருப்பி அனுப்பிய சிரமத்துக்காகப் பாங்கி ஒரு தண்டம் போட்டது. ஒரே குற்றத்துக்கு இரண்டு கோர்ட்டில் தண்டனை! இரண்டும் சேர்ந்து எழுநூறுக்கு மேல். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டுதான் அந்த அம்மாள் என்னிடம் வந்தாள்.

நான் பட்டம் வாங்காதவன். ஆனாலும் எழுத்தை வைத்துப் பிழைக்கிறவனாயிற்றே, படித்துச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கில எழுத்து. மூக்குக்கண்ணாடியோடு ஒரு மணி நேரம் போராடி, கடைசியில் நமக்குத் தெரிந்த கணக்குக்கே வந்தேன்.

கடையிலேயே 3,000 கொடுத்தாயிற்று. மீதிக் கடன் 9,000. மாதாமாதம் 1,500 குறைகிறது. ஆறு மாதத்துக்கும் சராசரி போட்டால் அவள் தலையில் நின்ற கடன் 5,250தான். இதற்கு 589 ரூபாய் என்றால் மாதத்துக்குத் தொண்ணூற்றெட்டு. நூற்றுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பணத்தை முன்னதாகவே பிடித்துக்கொண்டதையும் சேர்த்தால் முழுசாக இரண்டு.

"அப்ப ரெண்டு வட்டிதானே தம்பி? அப்புறம் இன்னாத்துக்குப் பூஜ்யம்னு எழுதி வச்சிருக்கானுங்க?" என்றாள் அவள்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் அந்தக் கடைக்கே போய், ரொக்கமாகத் தந்தால் அதே மிஷின் என்ன விலை என்று கேட்டேன். ஐந்நூறு ரூபாய் குறைத்துத் தருவார்களாம். அந்த ஐந்நூறும் வட்டி இல்லாமல் வேறென்ன? அதையும் சேர்த்துப் போட்டால் ஏறக்குறைய நாலு வட்டி! ஊரில் பகிரங்கமாக நாலு வட்டிக்குக் கொடுக்கிறவனை நாம் வாய்க்கு வந்தபடி ஏசுகிறோம். அவன் பாவம், போர்டு எழுதத் தெரியாதவன்.

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பூஜ்ய வட்டி என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்பதை ரிசர்வ் பாங்கியே 2013 செப்டம்பரில் பாங்கிகளுக்குச் சுற்றறிக்கையாக எழுதியிருக்கிறது. வட்டியைப் பத்திரச் செலவு என்ற வேஷத்தில் வாங்குகிறார்கள் என்றும் அதிலே இருக்கிறது. பாங்கி பூஜ்யத்தைக் கைவிட்டால், 'செலவில்லாத தவணை' என்று அதற்கு மறுபெயர் வைத்தார்கள்.

பெரிய ஊர்களில் கடையும் பாங்கியும் கூட்டுச் சேர்ந்து தருகிற கிரெடிட் கார்டின் கதை இதைவிட ருசியானது. முதல் வருஷக் கட்டணம் இலவசம். இரண்டாம் வருஷம் தானாக வந்து நிற்கும். பில்லில் 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது' என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். அதைக் கட்டினால் கடமை தீர்ந்தது என்று புதிதாகக் கார்டு வாங்கியவர் நினைப்பார். தீராது. தாமதக் கட்டணம்தான் தப்பும். மீதிக்கு, சாமான் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பல கார்டுகளில் மாதம் மூன்றரை ரூபாயை ஒட்டி. அந்த வட்டிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு! பழைய பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் ஊசி நூலுக்கும் வட்டியில்லாத நாள் கிடையாது. வருஷத்துக்கு நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. கேட்காமல் கார்டைத் தலையில் கட்டக்கூடாது. கட்டிவிட்டுக் கட்டணம் கேட்டால் அதைத் திருப்பித் தருவதோடு, அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் நாளுக்கு 500 ரூபாய். இவை 2022-ஆம் வருஷத்து உத்தரவுகள். கிரெடிட் கார்டு அல்லாத தவணைக் கடன்களுக்கு 2024 அக்டோபர் முதல், எல்லாச் செலவையும் சேர்த்து வருஷ வட்டி இவ்வளவு என்று முக்கிய விவரத் தாள் ஒன்றை, கடன் வாங்குகிறவருக்குப் புரியும் பாஷையில் தர வேண்டும். அதில் எழுதாத கட்டணத்தை அவர் சம்மதமில்லாமல் வாங்க முடியாது. விவரத் தாளைச் சரியாகக் கொடுக்கவில்லை என்பது முக்கியக் காரணமாக, 2023 நவம்பரில் பஜாஜ் ஃபைனான்ஸின் இரண்டு கடன் திட்டங்களை ரிசர்வ் பாங்கி நிறுத்தியே வைத்தது; குறை சரிசெய்யப்பட்டதென்று 2024 மே மாதம் தடையை நீக்கியது. பம்பாயில் இந்த அதட்டல் பலிக்கிறது. எங்கள் கடைத்தெருவுக்கு வருவதற்குள் பஸ் நின்றுவிடுகிறது போலும்.

"படிக்காமல் கையெழுத்துப் போட்டது அவள் குற்றம்" என்று எனக்குத் தெரிந்த உத்தியோகஸ்தர் ஒருவர் சொன்னார். அவரிடம் அதே காகிதத்தைக் கொடுத்தேன். இரண்டு வரி படித்துவிட்டு, "கண்ணாடி கொண்டுவரவில்லை" என்றார்!

இதே ஊரில் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் பராந்தக சோழன் காலத்துச் சாசனம் இருக்கிறது. 919, 921-ஆம் வருஷத்தது. குடவோலை முறைக்காக எல்லாரும் அதைப் புகழ்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரையும், அவன் உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்று அதில் ஒரு விதி. நிலமும் மனையும் இல்லாதவர்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை; நானும் அந்த அம்மாளும் வெளியேதான் நின்றிருப்போம். ஆனால் விதியைச் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் எழுத்து நிற்கிறது. அவள் வாங்கிவந்த ரசீதின் மை நாலு மாதத்தில் வெளுத்துவிட்டது.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. அந்தப் பூஜ்யத்தின் பக்கத்திலேயே, அதே உயரத்தில், தமிழில் நாலு வரி: ரொக்க விலை எவ்வளவு, கார்டுக்கு எவ்வளவு, கடைசியில் கட்டி முடிப்பது எவ்வளவு, ஒரு தவணை தவறினால் யார் யார் எவ்வளவு பிடிப்பார்கள். கடை மானேஜரிடம் இதைச் சொன்னேன். நல்ல மனுஷர், காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"அப்படி எழுதி வச்சா யார் சார் வாங்குவாங்க?" என்றார்.