கோடு விழுந்த இலைக்கு விஷம் எதற்கு?

தக்காளி இலையில் வெள்ளையாக நெளிந்தோடும் கோடு தென்பட்டதும் மருந்து அடித்தாக வேண்டும் என்ற நம்பிக்கை, ஐயப்பன்தாங்கல் போன்ற புறநகர்களின் மாடித்தோட்டங்கள்வரை ஊறிக் கிடக்கிறது. அது பூச்சியைப் பெருக்கவே உதவுகிறது. கோட்டை இடுவது இலைத்துளைப்பான் ஈயின் புழு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1990-ஐ ஒட்டி இந்தியாவுக்குள் நுழைந்த இந்த ஈ சுமார் 2 மில்லிமீட்டர் நீளம்தான். தக்காளி, தட்டைப்பயறு, வெள்ளரி, ஆமணக்கு, சாமந்தி என எதிலும் குடியேறும். பெண் ஈ இலையைக் குத்தி உள்ளே முட்டையிடுகிறது. பொரிந்த புழு மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே பச்சையைத் தின்றபடி நகர்ந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தோலைக் கீறி வெளியேறுகிறது. பெரும்பாலும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது.

முட்டையும் புழுவும் இலைக்குள், கூட்டுப்புழு மண்ணில் என்றால், மேலே தெளிக்கும் விஷம் யாரைக் கொல்லும்? பறக்கும் ஈக்களில் சிலவற்றையும், அந்தப் புழுவைத் தேடி இலைமேல் நடக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளையும்தான். இந்தக் குளவிகள் இலைக்குள்ளிருக்கும் புழுவிலேயே முட்டையிட்டு அதை அழிப்பவை. கலிபோர்னியாவில் ஓட்மனும் கென்னடியும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், மெத்தோமில் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த தக்காளியில் இதே பேரினத்தைச் சேர்ந்த ஈயொன்று பெருகியது, குளவிகள் குறைந்துபோயிருந்தன. காவலை அழித்தவர்கள் நாம்தான்.

அடித்த பிறகு கோடு நின்றதே என்பார்கள். அடிக்காவிட்டாலும் ஒரு வாரத்தில் நின்றிருக்கும். புழு போய்விடும், கோடு மட்டும் இலை உதிரும்வரை இருக்கும். பழைய கோட்டைப் பார்த்து மறுபடி மறுபடி அடிப்பதுதான் பெரும் கொடுமை. அபாமெக்டின் போன்ற மருந்துகள் இலைக்குள் ஊடுருவும் என்பது உண்மை. ஆனால் மருந்துகளுக்கு விரைவில் எதிர்ப்புத்திறன் பெறுவதில் இந்த ஈ பேர்போனது. அதோடு, அன்றன்றைக்குப் பறித்து ரசம் வைக்கும் வீட்டில் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே காத்திருப்பவர் எத்தனை பேர்?

நாற்றுகளின் நிலை வேறு. நாலைந்து இலைகளே உள்ள செடிக்கு இரண்டு இலை போவது பெரிய இழப்பு. அங்கே இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கோட்டின் அகன்ற முனையில் மஞ்சள் புழு இருந்தால் அந்த இலையை மட்டும் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். தொட்டியிலேயே போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிவிடும். அதற்கும் மிஞ்சினால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். வளர்ந்த செடி சில கோடுகளைத் தாங்கிக்கொண்டு காய்க்கும். அதற்கு விஷம் வேண்டாம்.