நெளிஞ்ச கதவுக்குப் பெயின்ற் எதுக்கு?

1907இல மக்லோக்ளின் கார்க் கொம்பனி தொடங்கின ஊர் ஒஷாவா. இங்கயும் நம்மட சனம், பார்க்கிங்கில ஆரும் கதவால இடிச்சுச் சின்ன நெளிவு விழுந்தால் உடன பெயின்ற் அடிக்கக் குடுக்குது. ஏனப்பா?

தொழிற்சாலையில வெறும் பொடியை 140 பாகை செல்சியஸ் அளவில சூடாக்கித்தான் பெயின்றை இறுக்குறாங்கள். வயரும் பிளாஸ்ரிக்கும் பூட்டின காருக்குக் கராஜில அந்தச் சூடு குடுக்க ஏலாது; 60, 70 பாகைதான். முதல் பெயின்றை ஒருக்காச் சுரண்டினால் அது போனதுதான்.

பெயின்ற் வெடிக்கேல்லை எண்டால், உள்பக்கத்தால மெல்லிய இரும்புக் கம்பியை விட்டு, தகட்டில விழுற லைற் கோடு நேராகுமட்டும் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளி நிமித்தலாம். (எங்கட ஊர் ரிங்கரிங் மாதிரித்தான், ஆனால் பட்டியும் இல்லை, பெயின்றும் இல்லை.) முதல்ல அவையிட்டக் காட்டுங்கோ.

கூரா மடிஞ்சு பெயின்ற் வெடிச்சிருந்தால் வேற கதை. பனிக்காலத்தில ரோட்டில கொட்டுற உப்பு அந்த வெடிப்புக்குள்ள பூந்து துரு பிடிக்கும். அதுக்குப் பெயின்ற்தான்.