கற்ற தொழிலைக் கைவிடத்தான் வேண்டுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை படிப்பை முடித்து, டேனரியில் எட்டுப் பத்து ஆண்டு வேலை பார்த்து, கை நிறையச் சம்பளம் வாங்கும் தறுவாயில், "நான் குருமடத்தில் சேரப் போகிறேன்" என்று ஒருநாள் சொல்வானாகில் வீட்டில் என்ன நடக்கும்? தாயார் கண்ணீர் விடுவார். பிறகு ஜெபமாலையைக் கையில் எடுத்து மனத்தைத் தேற்றிக்கொள்வார். தகப்பனார் மட்டும் ஒரே கேள்வியை விடாமல் கேட்பார்: "இவ்வளவு நாள் படித்ததும் உழைத்ததும் வீண்தானா?"

நியாயமான கேள்விதான். மகன் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? குருமடங்களை நடத்துகிறவர்களும் மேற்றிராணியார்களுமே பதில் சொல்ல வேண்டியவர்கள்.

தோல் தொழில் செய்கிறவர்களுக்கு வேதாகமத்திலேயே ஒரு சொந்தக்காரர் உண்டு. யோப்பா பட்டணத்துக் கடலோரத்தில் வீடு வைத்திருந்த சீமோன் என்பவர் தோல் பதனிடுகிறவர். அத்தொழிலைத் தீட்டென்று யூதர்கள் ஒதுக்கியிருந்த காலம் அது. தோலைத் தொட்டவனை ஊர் விலக்கி வைத்த கதை இந்த மாவட்டங்களுக்கும் புதிதன்று. அப்படிப்பட்டவர் வீட்டில்தான் அர்ச். இராயப்பர் பல நாள் தங்கினார். அர்ச். சின்னப்பரோ கூடாரத் தொழிலாளி. கொரிந்து நகரில் உபதேசம் செய்துகொண்டே அந்தத் தொழிலையும் செய்தார். அப்போஸ்தலரானதும் ஊசியைத் தூக்கி எறிந்துவிடவில்லை.

பின்னாளில் ஏற்பட்ட சட்டங்கள் இவ்வளவு தாராளமாக இல்லை. 1917-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தனி அனுமதியின்றிக் குருமார்கள் வைத்தியமோ அறுவை சிகிச்சையோ செய்யலாகாது என்றது. கன்னியாஸ்திரீகள் பிரசவம் பார்ப்பதையும் ரோமாபுரி நெடுங்காலம் ஒப்பவில்லை. நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கலாம், புண்ணைக் கழுவிக் கட்டலாம். முறையாகப் படித்த டாக்டராக இருந்து உயிரைக் காப்பாற்றத்தான் தடை! துறவிக்குப் பண ஆசை வந்துவிடக் கூடாது, அவதூறு எழக் கூடாது என்பன போன்ற காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காரணங்களுக்கு விலை கொடுத்தவர்கள் பிரசவ வேதனையில் கிடந்த ஏழைப் பெண்கள்.

இந்தத் தடையை மாற்ற அலைந்தவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்துப் பெண் டாக்டர் ஆக்னஸ் மக்லாரன். ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்ட மறுத்து உயிரைவிடும் இந்தியப் பெண்களுக்காக அவர் ரோமாபுரிக்குப் பலமுறை சென்று மன்றாடினார். (டாக்டர் ஐடா ஸ்கடர் நிறுவிய ஆஸ்பத்திரியைக் கண் முன்னே வைத்திருக்கும் வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; அவரைத் தூண்டியதும் இதே அவலந்தான்.) மக்லாரன் 1913-இல் காலமானார். அவரைப் பற்றிய சிறு பிரசுரம் ஒன்று 1915-இல் ஆஸ்திரேலியாவில் மேரி குளோரி என்ற பெண் டாக்டரின் கைக்குக் கிடைத்தது.

குளோரி மெல்போர்ன் சர்வகலாசாலையில் 1910-இல் பட்டம் பெற்று, அந்நகரிலேயே நல்ல பெயரோடு தொழில் நடத்திவந்தவர். பிரசுரத்தைப் படித்தவர் உடனே கப்பலேறிவிடவில்லை. மேல்படிப்புப் படித்தார்; மகப்பேறு, மகளிர் நோய், கண் வைத்தியம் ஆகியவற்றில் 1919-இல் உயர் பட்டம் வாங்கினார். துறவு பூணப் போகிறவர் எதற்காக இன்னொரு பட்டம் வாங்க வேண்டும் என்று அன்று யாரேனும் சிரித்திருக்கக்கூடும். அடுத்த ஆண்டே, 1920-இல், அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூருக்கு வந்து கன்னியர் மடத்தில் சேர்ந்தார். போப்பாண்டவர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் தனி அனுமதி அளித்ததால் துறவு உடையிலேயே வைத்தியம் பார்த்தார். 1943-இல் கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளின் சங்கம் ஒன்றையும் தொடங்கினார். 1957-இல் பெங்களூரில் அவர் மறைந்த பின்னரும் அது வளர்ந்து, இன்று 3,000-க்கு மேற்பட்ட ஸ்தாபனங்களை உறுப்பாகக் கொண்டிருக்கிறது. ரோமாபுரியும் 1936 பிப்ரவரி 11-ஆம் தேதி தன் பழைய போக்கை மாற்றிக்கொண்டு, கன்னியர்கள் பிரசவம் உட்பட முழு வைத்தியமும் பார்க்கலாம் என்று அறிவித்தது. ஒருத்தி தன் தொழிலைக் கைவிடாமல் மடத்துக்குள் கொண்டுவந்ததன் பலன் குண்டூரோடு நின்றுவிடவில்லை.

தோல் வட்டாரத்துக்கு இன்னும் அருகில் வேறோர் உதாரணம் உண்டு; கத்தோலிக்கர்களுடையதன்று. ஆம்பூருக்குத் தெற்கே திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் இருவரும் டாக்டர்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர். இருவரும் மணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஜனங்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். டாக்டர் பட்டத்தை மறைத்து வைத்திருந்தால் அந்த அண்ணன்மார் கிராமத்துக்கு எவ்வளவு உதவியிருக்க முடியும்?

கைத்தொழிலுக்கும் இதே நியாயந்தான். டூரின் நகரத்து அநாதைப் பையன்களுக்காக 1853-இல் செருப்புத் தைக்கும் பட்டறை திறந்த தொன் போஸ்கோ, ஆரம்பத்தில் தாமே பலகையில் உட்கார்ந்து கற்றுக் கொடுத்தார். இளமையில் பழகிய தொழில் குருப்பட்டம் பெற்ற பின் கைகொடுத்தது. அவருடைய சலேசிய சபையில் குருப்பட்டம் பெறாமல் தொழில் கற்பிக்கும் துறவுச் சகோதரர்களுக்கென்றே ஓர் இடம் உண்டு. அந்தச் சபையார்தான் 1951-இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1952-இல் உண்டான வேலூர் மறைமாவட்டத்தின் முதல் மேற்றிராணியார் பாப்லோ மரியசெல்வமும் அச்சபையைச் சேர்ந்தவரே.

இப்போது டேனரியிலிருந்து வரும் இளைஞனைப் பார்ப்போம் என்றால், அவன் கொண்டு வருவது பண முதல் அன்று. குருவானவர் வியாபாரம் செய்யக் கூடாதென்று சட்டம் இன்றும் தடுக்கிறது, தடுப்பது நல்லதே. அவன் கொண்டு வருவது விஷயஞானம். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினவன் கை ஏன் வெடித்திருக்கிறது, மூடிக்கிடக்கும் கழிவுத் தொட்டியில் ஆளை இறக்கினால் ஏன் உயிர் போகிறது, குரோமியம் கலந்த சேறு எங்கே போய்ச் சேருகிறது என்பதெல்லாம் அவனுக்குப் புத்தகம் புரட்டாமல் தெரியும். தோல் பதனிட ஏறக்குறைய 170 ரசாயனங்கள் பயன்படுவதையும், 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதையும் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதித் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் எடுத்துச் சொன்னது. 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் மாண்டார்கள். 2025 ஜனவரியிலும் பாலாற்றைப் பற்றி அதே கோர்ட் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

கிணறு உப்பாகிப்போன விவசாயியும், டிரம் சுழன்றால்தான் அடுப்பெரியும் தொழிலாளியும் ஒரே கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால்படியிடுகிறார்கள். ஆலையை மூடு என்பது ஒருவர் வேண்டுதல். மூடாதே என்பது மற்றவர் வேண்டுதல். இருவர் பேச்சையும் புரிந்துகொள்ளக்கூடிய குருவானவர் கிடைப்பது எளிதா? கிடைக்கும்போது அவரைத் தூரத்து ஊர்ப் பள்ளிக்கூட ஆபீசில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்த்தி வைப்பது விவேகமாகாது.

மறுபக்கமும் உண்டு. மானேஜராக இருந்தவர் பங்குச் சாமியாரான பிறகும் மானேஜராகவே இருந்துவிடுவதுண்டு. அதட்டும் குரல், கணக்குக் கேட்கும் பார்வை, கட்டடம் கட்டுவதே பெரும் பணி என்ற எண்ணம் இவையும் தொழிலோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றைக் கழற்றி வைக்கத்தான் ஆறு ஆண்டுக்குக் குறையாத தத்துவ, வேதசாஸ்திரப் படிப்பு. ஆனால் 35 வயதுக்காரனை 18 வயதுப் பையனோடு ஒரே அச்சில் வார்க்கப் பார்த்தால் குறையோடு நிறையும் போய்விடும். முதிர்ந்த வயதில் அழைப்புப் பெற்றவர்களைத் தனிக் கவனத்தோடு உதவித் தயார் செய்ய வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே சொல்லுகிறது. சட்டத்தில் உள்ளதை நடைமுறைக்குக் கொண்டுவரப் புதிதாக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் அவசரம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் மேல்தோல் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த மிஷின் முன் நான்கைந்து வருஷம் உட்கார்ந்தவள் கன்னியர் மடத்தில் சேர்ந்தால், அவளுக்குச் சமையலறையோ விடுதிக் காவலோ மட்டுமே வேலையென்று வைத்துவிடாமல், விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் அதே பெண்களிடம் அவளைத் திருப்பி அனுப்பலாம். அவர்களுடைய முதுகு வலியும், பிராவிடண்ட் பண்ட் கணக்கும், வீட்டுக் கடனும் அவளிடம் சொன்னால்தான் விளங்கும்.