சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டு உட்காருங்கள்



இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்குப் பயன்படும். எனக்கு இது ஒரு மன்னிப்புக் கடிதமும்கூட.

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்குப் பேரன் வந்து போன பிறகு, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இன்டர்நெட்டைத் திறந்தால் ஏதோ தெரியாத பக்கம் வரும். எதைத் தொட்டாலும் விளம்பரம். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று மிரட்டல் வேறு. ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன்தான் கேம் இறக்கிக் கெடுத்துவிட்டான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். போனில் கூப்பிட்டுத் திட்டவும் செய்தேன். "நான் எதுவும் பண்ணல தாத்தா" என்றான். நான் நம்பவில்லை. கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டேன்.

காலாண்டு விடுமுறைக்கு வந்தவன் அந்த அறைப் பக்கமே போகவில்லை.

அவன் ஊருக்குப் போன பிறகுதான் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி என்னிடம் படித்தவர். கம்ப்யூட்டரில் என்னென்ன புரோகிராம் எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது என்ற பட்டியலைத் திறந்து காட்டினார். சந்தேகத்துக்குரிய மூன்றும் ஒரே நாளில் ஏறியிருந்தன. அன்று பேரன் ஊரிலேயே இல்லை. பென்ஷன் ஆர்டரை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்குவதற்காக, இலவசம் என்று போட்டிருந்த ஒரு சாப்ட்வேரை நான் இறக்கிய நாள் அது. "சார், அப்ப ஒரு பெட்டி வந்து கேட்டிருக்குமே, யெஸ் கொடுத்தீங்களா?" என்றார். கொடுத்திருப்பேன். அந்தப் பெட்டியை என்றைக்கு நான் படித்திருக்கிறேன்?

விசாரிக்காமல் யாரையும் குற்றம் சொல்லாதே என்று 36 வருடம் பிள்ளைகளுக்குச் சொன்ன வாய் இது. வெட்கமாக இருந்தது.

பிறகு அந்தத் தம்பி சொன்னதுதான் விஷயம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் முதன்முதலில் உருவாக்கும் அக்கவுண்ட், அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட். புரோகிராம் ஏற்றுவது, நீக்குவது, பாதுகாப்பு அமைப்பை மாற்றுவது, மற்றவர்களின் பைல்களைத் திறப்பது என எல்லா அதிகாரமும் அதற்கு உண்டு. நம்மில் பெரும்பாலோர் கடையிலிருந்து வந்த அந்த ஒரே அக்கவுண்டில்தான் யூடியூப் பார்ப்பது முதல் வங்கி வேலை வரை எல்லாம் செய்கிறோம். பல வீடுகளில் அதற்குப் பாஸ்வேர்டும் கிடையாது.

பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். தலைமையாசிரியராக இருந்தபோது பீரோ சாவி, அலுவலக அறைச் சாவி எல்லாம் என் பொறுப்பில்தான் இருந்தன. அதற்காகக் கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே வகுப்பு எடுத்தேனா? தேவைப்படும்போது எடுப்பேன், வேலை முடிந்ததும் பூட்டி வைப்பேன். கம்ப்யூட்டரில் மட்டும் நாள் முழுக்கச் சாவிக்கொத்தோடு சந்தையில் அலைகிறோம்.

எக்ஸ்பி காலத்தில் அந்த எச்சரிக்கைப் பெட்டிகூடக் கிடையாது. 2007இல் விஸ்டா வந்தபோதுதான் அது வீடுகளுக்கு வந்தது. ஆனால் அட்மினிஸ்ட்ரேட்டராக உட்கார்ந்திருப்பவரிடம் அது பொதுவாக "ஆமாம், இல்லை" மட்டுமே கேட்கும். ஒரே அழுத்து, கதவு திறந்துவிடும். ஸ்டாண்டர்டு அக்கவுண்டில் இருந்தால் அதே பெட்டி அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்டைக் கேட்கும். அதை அடிக்க எடுக்கும் பத்து விநாடியில்தான் "நான் எதை ஏற்றுகிறேன்?" என்ற கேள்வி வரும். அந்தப் பத்து விநாடி எனக்கு அன்று கிடைத்திருந்தால் ஒரு குழந்தையைத் திட்டியிருக்க மாட்டேன்.

"நான் கவனமாகத்தான் இருக்கிறேன், எனக்கு எதற்கு?" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கவனம் என்பது எல்லா நேரமும் ஒரே மாதிரி இருக்காது. பிள்ளைகளுக்கு மட்டும் ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் கொடுத்தால் போதும் என்பதும் தவறு. வீட்டுப் பெரியவரும் அன்றாட வேலைக்கு அதில்தான் உட்கார வேண்டும். மெயில், டைப்பிங், பிரிண்ட், படம் பார்ப்பது எதற்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் தேவையே இல்லை.

செய்யும் முறை எளிது. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய், புதிதாக ஓர் அக்கவுண்ட் தொடங்கி, அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். நல்ல பாஸ்வேர்டு வைத்து டைரியில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருமுறை அதில் நுழைந்து, பாஸ்வேர்டு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இருந்துகொண்டே உங்கள் பழைய அக்கவுண்டை ஸ்டாண்டர்டு என்று மாற்றுங்கள். உங்கள் போட்டோக்களும் பைல்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். பேரப்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் கொடுங்கள்.

இது சர்வரோக நிவாரணி என்று சொல்ல மாட்டேன். போலி வங்கிப் பக்கத்தில் நீங்களே ஓ.டி.பி.யைக் கொடுத்தால் எந்த அக்கவுண்டும் காப்பாற்றாது. பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், ஸ்டாண்டர்டு அக்கவுண்டிலும் உங்கள் சொந்த பைல்கள் போகலாம். அதனால் முக்கியமானவற்றைத் தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் விற்கும், சர்வீஸ் செய்யும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளரிடம் கொடுக்கும் முன் இரண்டு அக்கவுண்ட் போட்டுக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. எங்களைப் போன்றவர்களுக்கு அது தானாகத் தெரியாது.

அரையாண்டு விடுமுறைக்குப் பேரன் வந்தபோது, "தப்பு தாத்தா மேலதான்டா" என்று சொன்னேன். சிரித்துவிட்டு, "அட்மின் பாஸ்வேர்டு என்ன தாத்தா?" என்றான். சொல்லவில்லை. எனக்கே டைரியைப் பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் வீட்டில் எப்படி? இன்று மாலையே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.